அம்மா மினுக்கின கண்ணாடி

வெள்ளவத்தை
ஆனி 2025

அன்புள்ள மச்சான்,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ அனுப்பின மூன்று கடிதமும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மனம் குத்தும். இங்கே எல்லாரும் சுகம். மூத்தவள் சோதினை எழுதி முடித்துவிட்டாள். கிளி மாஸ்டரைப் போன மாதம் கண்டேன். நீ தலையில் கட்டின சைக்கிளில்தான் இன்னும் திரிகிறார், அந்த விலையை இன்னும் மறக்கவில்லை. ஊருக்கு வந்தால் அவர் ஒழுங்கைப் பக்கம் போகாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன முறை வந்தபோது உடுப்புகளுக்கு நடுவே வைத்து ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தாயே, 48இல் ஒரு பங்கு அளவு ஹரிக்கேன் போர்விமான மொடல், அதைத் தை பிறந்த கையோடு தொடங்கிவிட்டேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இறக்கை 25 சென்ரிமீற்றர். இங்கிலாந்து வானத்தில் பறந்த ஹரிக்கேனைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு றேஸ் கோஸிலிருந்து ஏறின ஒன்றைத்தான் செய்கிறேன்.

இப்போது கடைகளும் றக்பி மைதானமுமாக இருக்கிற அதே இடம்தான். குதிரை ஓடின நிலத்தில் அவசரமாக ஓடுபாதை போட்டு பிரித்தானிய விமானப்படையின் 258ஆம் ஸ்குவாட்ரனை அங்கே நிறுத்தியிருந்தார்கள். 30ஆம் ஸ்குவாட்ரன் இரத்மலானையில். முதல் நாள் ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் கண்டு செய்தி அனுப்பினவர் லெனார்ட் பேர்ச்சல், உங்கள் ஒன்ராறியோவில் சென்ற் கதரீன்ஸில் பிறந்தவர். செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய கற்றலினா விமானத்தைச் சுட்டு விழுத்திவிட்டார்கள். யுத்தம் முடியும்வரை மனிசன் ஜப்பானில் சிறையில் கிடந்தார். இவ்வளவு செய்தும் அடுத்த நாள் காலை ராடார் எச்சரிக்கை வரவில்லை. விமானங்கள் தலைக்கு மேலே வந்த பிறகுதான் பெடியள் ஓடிப்போய் ஏறினார்கள். றேஸ் கோஸிலிருந்து 14 ஹரிக்கேன் எழும்பியது. பாதிக்கு மேல் திரும்பவில்லை. உயரம் பிடிக்க நேரம் கிடைத்திருந்தால் கதை வேறு. தரையிலிருந்து எழும்புகிற கனத்த விமானத்துக்கு மேலே, வெளிச்சத்தை முதுகில் வைத்துக்கொண்டு ஜப்பான்காரனின் ஸீரோ விமானம் நின்றால் எங்கள் விமானி என்ன செய்வான்?

நான் செய்வது திரும்பி வந்த ஒன்று. இறக்கையில் 12 இயந்திரத் துப்பாக்கி, பக்கத்துக்கு ஆறு. தூசி போகாமல் அந்தத் துவாரங்களுக்குச் சிவப்புத் துணி ஒட்டிவிடுவார்கள்; முதல் வேட்டோடு அது கிழிந்துபோகும். ஒவ்வொரு துவாரத்தையும் ஊசி முனையால் திறந்து, ஓரத்தில் சிவப்புப் பிசிர் மட்டும் மிஞ்சவிட்டு, பின்பக்கம் கரியைத் தடவினேன். பன்னிரண்டுக்கும் நாலு இரவு. உடம்பின் பின்பாதி உலோகம் இல்லை, மரச்சட்டத்துக்கு மேல் இழுத்துக் கட்டின துணி. பெட்டியில் வந்தது அந்த மரக் கோடுகளைத் தகரக் கூரை மாதிரி எழுப்பி வைத்திருக்கிறது. 1000ஆம் இலக்க உரைதாளைத் தண்ணீரில் நனைத்து மெல்ல மெல்ல உரைஞ்சி, சாய்வாக வெளிச்சம் அடித்தால் மட்டும் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். நீ வந்து விரலால் தடவிப் பார்க்கவேணும். துணிதான் என்று சொல்லுவாய்.

விமானி இருக்கிற இடத்துக் கண்ணாடி மூடியில்தான் பிழை விட்டேன். சூப்பர் குளூ பாவித்துவிட்டேன், மச்சான். காலமை பார்த்தால் உள்ளுக்கெல்லாம் வெள்ளைப் புகை படிந்தமாதிரி. மாற்றுக் கண்ணாடி இங்கே எங்கேயும் இல்லை. ஒரு கிழமை அந்த அறைக்குள் போகவே இல்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

வைகாசியில் நிறம் அடிக்கவென்று ஒரு சின்னக் கொம்பிரசர் வாங்கினேன். பின்னேரம் போட்டால் ஒரே சுருதியில் இரையும், கனத்த இரைச்சல். முதல் நாள் போட்டு ஐந்து நிமிஷம் இருக்காது, மகள் ஓடிவந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அம்மா படிக்கட்டுக்குக் கீழே, தும்புத்தடி வைக்கிற மூலைக்குள் குந்தியிருக்கிறா. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டா: "சகடையோ தம்பி?"

முப்பத்தைந்து வருஷம் மச்சான். சகடை விமானம் குண்டு போட வந்த நேரங்களில் உங்கள் வளவுப் பங்கருக்குள் நாங்கள் எல்லாரும் நெருக்கிக்கொண்டு இருந்த அதே முகம். அந்த இரைச்சல் எனக்கு ஏன் விளங்காமல் போனது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கொம்பிரசரை அடுத்த நாளே வித்துவிட்டேன். மண்ணிறமும் கடும்பச்சையும் இப்போது தூரிகையால்தான், தண்ணீர் மாதிரிக் கரைத்து ஆறு பூச்சு.

இரண்டு நாள் கழித்து அம்மா தானாக அறைக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. இது குண்டு போடுகிறதா என்று கேட்டா. இல்லையம்மா, 42இல் கொழும்புக்குக் குண்டு போட வந்தவர்களைத் துரத்த ஏறினது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா, அந்தக் காலமை அம்மம்மா கொட்டாஞ்சேனை வீட்டில் அடுப்படியில் நின்றவவாம். அம்மா வயிற்றில் ஐந்து மாதம். துறைமுகப் பக்கம் புகை எழும்பினதைக் கண்டு, அந்தக் கிழமையே சனத்தோடு சனமாக ரயிலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தாவாம். அதனால்தான் அம்மா ஊரில் பிறந்தா. எனக்கு ஐம்பது வயது, இந்தக் கதையை முதல்முறை கேட்கிறேன். நான் நாலு இரவாகத் துவாரம் திறந்துகொண்டிருந்த விமானத்துக்குக் கீழே அம்மம்மா நின்றிருக்கிறா!

பிறகு அம்மா அந்தக் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "இது ஊத்தைதானே, மினுக்கினால் போகும்" என்றா. பற்பசையும் பழைய வேட்டித் துண்டும் கொடுத்தேன். குத்துவிளக்கு மினுக்கின கையல்லவா. ஒரு விரல் நுனியில் துணியைச் சுற்றி, சின்னச் சின்ன வட்டமாக, மூன்று பின்னேரம். வெளிப்பக்கம் பளிச்சென்று வந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு மூலையில் மட்டும் இன்னும் மங்கல். அதற்குப் பஞ்சு சுற்றின ஈர்க்குக் குச்சியோடு இருக்கிறா.

இனி உன்னிடம் ஒரு வேலை. விமானத்தில் ஒட்டவென்று என் பெட்டியில் வந்த வட்டச் சின்னங்கள் பிந்தின காலத்தவை, மஞ்சளும் வெள்ளையும் ஒடுங்கினவை. 1942 ஏப்ரலுக்கு அது சரிவராது. உடம்புக்கு எனக்கு வேண்டியது நடுவில் சிவப்பு, பிறகு வெள்ளை, நீலம், மஞ்சள், எல்லா வளையமும் ஒரே தடிப்பு, முழு விட்டம் 18.5 மில்லிமீற்றர். அந்த நடுச் சிவப்பு கட்டாயம் வேணும். ஜப்பான்காரனின் சிவப்புச் சூரியனோடு குழம்பக்கூடாது என்று பிறகு இந்தப் பக்கத்து விமானங்களில் அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்த ஈஸ்டருக்கு அது இருந்தது. அங்கே கடையில் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள்.

தபாலில் போடாதே. போன பார்சல் நசிந்துதான் வந்தது. உன் தங்கச்சி ஆடியில் வருகிறாளல்லவா, ஒரு புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துக் கொடுத்துவிடு. ஆவணியில் அம்மாவுக்கு 83. அதற்கு முன்னம் ஒட்டிவிடவேணும்.

அம்மா கூப்பிடுகிறா. பஞ்சு முடிந்துவிட்டதாம்.

உன்
ரவி