வாசகர் வட்ட ஆண்டறிக்கை: பட்டம் யாருக்கு, தலைமை யாருக்கு?

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதம் ஒரு கூட்டம் என்று வைத்துக்கொண்டு, ஒரே கேள்வியை விடாமல் பிடித்து வாசித்தோம். எழுத்தாளர்கள் படைத்த குலங்களில் ஒருவருக்கு மதிப்பும் தலைமையும் எப்படி வந்து சேர்கின்றன? நடுவில் இரண்டு கூட்டங்களுக்கு, இடம் தருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார்கள். உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில்தான் கூடினோம். அந்த வீட்டாருக்கு நம் நன்றி.

அதிக நாள் நம்மைப் பிடித்து வைத்தது சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட முதல் நாவலான 'திங்ஸ் ஃபால் அபார்ட்'. நைஜீரியாவின் இக்போ இனத்தார் மண்ணில் அவர் கட்டியெழுப்பிய உமுவோஃபியா என்ற ஊரில் அரசன் கிடையாது. ஊரில் மதிப்புத் தரும் கௌரவப் பட்டம் பெற்றவர்களும் பூசாரிகளும் பெரியவர்களும்தான் தலைமை. பட்டங்கள் நான்கு. நான்காவதை ஒரு தலைமுறையில் ஒருவரோ இருவரோதான் எட்டுவார்கள். பட்டமே வாங்காத ஆணைக் குறிக்கும் சொல்லும் பெண்ணைக் குறிக்கும் சொல்லும் அங்கே ஒன்றுதான். அப்பா உனோகாவை அப்படிச் சொல்லி விளையாட்டுத் தோழன் கேலி செய்ததை நாவலின் நாயகன் ஒகோங்க்வோ கடைசிவரை மறக்கவில்லை.

7 வருடம் தோற்காத மல்லனை 18 வயதில் மண்ணில் சாய்த்துப் பேர் வாங்குகிறான் ஒகோங்க்வோ. சரி, பேர் வந்தது, விதைக்குக் கிழங்கு வேண்டாமா? நுவாகிபியே என்ற பெரியவரிடம் போய்க் கேட்கிறான். அந்தக் காட்சியை இரண்டு முறை உரக்கப் படித்தோம். கள் வந்தாயிற்று, நுவாகிபியேயின் மனைவிமார் வந்து நிற்கிறார்கள், ஆனால் அவர்களில் யாரும் குடிக்கவில்லை. மூத்தவள் அனாசி இன்னும் வரவில்லையே! கணவனின் பட்டங்களுக்குரிய தண்டையை அணியும் உரிமை அவளுக்கு மட்டும்தான். அவள் வந்து, ஒரு காலை மண்டியிட்டுக் கொம்பில் கொஞ்சம் குடித்த பிறகே மற்ற மனைவிமார் முறைப்படி குடிக்கிறார்கள். அப்புறம்தான் பேச்சு. நுவாகிபியே 800 கிழங்கு தருகிறார்.

பட்டம் ஆளைக் கட்டியும் போடுகிறது. பட்டம் பெற்றவர் உயரமான பனையில் ஏறக்கூடாது. குட்டை மரம் என்றால் தரையில் நின்றபடி கள் இறக்கலாம். ஒகோங்க்வோவின் நண்பர் ஒபியெரிகாவுக்கு இதில் வருத்தம் உண்டு. இளவட்டங்கள் மரத்தைச் சீவத் தெரியாமல் கொல்வதைப் பார்த்து, பட்டமே வாங்கியிருக்க வேண்டாம் என்கிறார். என் மனதில் தங்கியது இந்த இடம்தான். வாங்கினவருக்கும் ஏதோ ஒன்றை இழக்க வைக்கிற பட்டத்தைத்தான் ஊர் மதிக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் 'டியூன்' நாவலில் படைத்த பாலைவனத்து இனமான ஃபிரெமன்களிடம் கணக்கு வேறு. இருக்கும் தலைவனைக் கொன்றுதான் தலைவனாக வேண்டும். வாலிபர்கள் நெருக்கியும், தலைவன் ஸ்டில்கரைக் கொல்ல நாவலின் நாயகன் பால் (Paul) மறுத்துவிடுகிறான். இனத்தின் திறமையான ஆளை இனமே இழப்பதா என்பது அவன் கேள்வி. நம் கூட்டத்தில் இளைய உறுப்பினர்கள் அவன் பக்கம், மூத்தவர்கள் பாதிப்பேர் மரபின் பக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். வரும் ஆண்டை அச்செபேயின் 1964 நாவலான 'ஆரோ ஆஃப் காட்'டோடு தொடங்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. அதில் வெள்ளையர் நீட்டும் தலைவர் பதவியை வேண்டாம் என்று சொல்லி சிறையிலேயே வைக்கப்படுகிறார் பூசாரி எசெயுலு. உறுப்பினர்கள் ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்