கணக்கும் இசையும் படித்த ஆசிரியருக்கு வழிவிடுங்கள்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறை, பள்ளிக்கல்வித் துறை அமைச்சர்களுக்கும் இரு துறைகளின் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

கணிதத்தையும் இசையையும் சேர்த்துப் படித்து, இரண்டையும் கற்பிக்கும் ஆசிரியராக ஒருவர் அரசுப் பள்ளிக்குள் வருவதற்குத் தமிழ்நாட்டில் இன்று நேர்வழி கிடையாது. அந்த வழியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். நான் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சிறு வயதிலேயே மிருதங்கம் கற்றுக்கொண்டவன். என் பணிக்காலம் முழுவதும் மிருதங்கம் வீட்டிலும் கரும்பலகை பள்ளியிலுமாகவே கழிந்தது.

இப்போது இருக்கும் நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். கணிதம் கற்பிக்க பி.எஸ்சி., பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. இசை கற்பிக்க வருபவர் சிறப்பாசிரியர் என்னும் வேறொரு வரிசையில் நிற்க வேண்டும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஹையர் நிலை, டிடிசி என்னும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ் என்று அவருக்கான படிகளே வேறு. தொடக்க அடிப்படை ஊதியம் முன்னவருக்கு 36,400 ரூபாய், பின்னவருக்கு 20,600 ரூபாய். 2012இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி போன்றவற்றுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்களுடைய நிரந்தரப் பணிக் கோரிக்கை அதன்பின் எத்தனை போராட்டங்களைக் கண்டது என்பதை நாடறியும். இந்த நிலையில் எந்தப் பெற்றோர்தான் தம் பிள்ளையை இசை ஆசிரியராக்க மனமுவந்து அனுப்புவார்கள்?

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் தவில் வாசிப்பவரின் மகள் ஒருத்தி படித்தாள். கணக்கில் சுமாரான மதிப்பெண்தான் வாங்குவாள். இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடு நடத்திய அன்று, பாடநூல் கணக்குகளை ஓரமாக வைத்துவிட்டு ஆதி தாளத்தை எடுத்துக்கொண்டேன். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை; அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனத்துக்கு 32. தாளச் சொற்களின் கோவையான ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசிக்க வேண்டும், நடுவே ஒரே அளவில் இரண்டு கார்வை, அதாவது இடைவெளி, விட வேண்டும், முடிந்ததும் சுற்றின் தொடக்கமான சமத்தில் வந்து விழ வேண்டும். சொற்கட்டின் நீளம் x, கார்வை y என்றால் 3x + 2y = 32. நான் சாக்பீஸை எடுப்பதற்குள் அவள் மேசையில் தட்டிப் பார்த்து, "பத்தும் ஒன்றும் ஐயா, எட்டும் நாலும் வரும், ஆறும் ஏழும் வரும்" என்றாள். ஒற்றைப்படை நீளத்தில் ஏன் ஒரு சொற்கட்டும் பொருந்தவில்லை என்று கேட்டேன். மும்மடங்கு ஒற்றைப்படையானால் மிச்சமும் ஒற்றைப்படைதான், அதை இரண்டு முழுக் கார்வைகளாகப் பிரிக்க முடியாது என்று அவளே சொன்னாள். அப்படியானால் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தை, எண்ணிக்கைக்கு ஐந்து மாத்திரையான கண்ட நடையில் வாசித்தால் ஆவர்த்தனத்துக்கு 35 வருமே, அங்கே ஒற்றைப்படை மட்டும்தானே பொருந்தும் என்று அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள். முழு எண் தீர்வுகளைப் பற்றி அன்று வகுப்பில் நடந்த பேச்சைப் போல் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, இரண்டையும் படித்து டீச்சராக வேண்டும் என்றாள். விசாரித்த இடங்களிலெல்லாம் ஒன்றை விட்டுவிடச் சொன்னார்கள். அவள் விட்டது இசையை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்தது உண்மைதான். ஆனால் இரண்டு கட்டணம், இரண்டு கால அட்டவணை, அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு பி.எட். என்றால் தவில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டுமா? எட்டினாலும், இரண்டு பட்டங்களுக்கும் சேர்த்து ஒரு பணியிடம் பள்ளியில் இருக்கிறதா?

இசை கற்றால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. கணக்கை இனிப்பாக்குவதற்கு மட்டும் இசையைக் கூப்பிடுவது இசைக்குச் செய்யும் அவமரியாதை. நான் கேட்கும் ஆசிரியர், பிள்ளைகளைச் சுருதியோடு சேர்ந்து பாட வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் இசைப் பாடமான சரளி வரிசையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கவும், தேவாரப் பண்ணையும் நாட்டுப்புற மெட்டையும் ஒரே மதிப்போடு வகுப்புக்குள் கொண்டுவரவும் அவரால் முடிய வேண்டும். அதே ஆள் அடுத்த பாடவேளையில் அல்ஜீப்ரா நடத்தும்போது, இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தைத் தவறவிடமாட்டார்.

அந்த இடங்கள் நம் பாடத்திட்டத்திலேயே நிறைய இருக்கின்றன. பத்தாம் வகுப்பில், வகுத்து வரும் மீதியைக் கொண்டு கணக்கிடும் மட்டு எண்கணிதம் வருகிறது. அட்சரத்துக்கு ஓர் எழுத்தாக ஏழெழுத்துச் சொற்கட்டு ஒன்றை ஆதி தாளத்தில் திரும்பத் திரும்பச் சொன்னால் ஐம்பத்தாறாவது அட்சரம் முடிந்துதான் அது மறுபடி சமத்தில் தொடங்கும். கையில் தாளம் போடும் பிள்ளைக்கு மீப்பெரு, மீச்சிறு குழப்பமே வராது. பதினொன்றாம் வகுப்பில், தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணும் சேர்ப்பியல் வருகிறது. மத்திமம் இரண்டு, ரிஷப காந்தார ஜோடிகள் ஆறு, தைவத நிஷாத ஜோடிகள் ஆறு, பெருக்கினால் ஏழு சுரமும் கொண்ட தாய் ராகங்களான 72 மேளகர்த்தா. ஒரு மேளத்தில் சட்சத்தை நிறுத்திவிட்டு மற்ற ஆறு சுரங்களில் ஆறையும், ஐந்தையும், நான்கையும் தேர்ந்தெடுக்கும் வழிகள் 1 + 6 + 15, ஆக 22. ஏறுவரிசையான ஆரோகணத்துக்கு 22, இறங்குவரிசையான அவரோகணத்துக்கு 22, பெருக்கினால் 484. மேளத்தையே கழித்தால் 483. அதை 72ஆல் பெருக்கினால், மேளங்களிலிருந்து பிறக்கும் ஜன்ய ராகங்கள் 34,776. இசை நூல்களில் வெறும் எண்ணாக நிற்கும் இந்தத் தொகையைப் பிள்ளைகள் தாங்களே வருவித்துவிடலாம். இதில் ஒரே சுர வரிசை பல மேளங்களில் திரும்ப வருமே என்று கேட்கும் பிள்ளைக்கு அடுத்த வாரப் பாடம் தயாராக இருக்கும்.

இன்னொரு காரணம், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது. கிராமத்து உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இசை ஆசிரியர் பணியிடமே இல்லை. அங்கே படிக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்கும் இசை, காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தும் மாலையில் நாட்டுப்பண்ணும்தான். கணித ஆசிரியர் பணியிடமோ ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் இருக்கிறது. அந்த இடத்துக்கு இரண்டும் தெரிந்த ஒருவர் வந்தால், புதிய பணியிடம் இல்லாமலேயே வாரத்துக்கு இரண்டு பாடவேளை இசை அந்த ஊருக்குப் போய்ச் சேரும். இதைக் காட்டி இருக்கும் இசை ஆசிரியர் இடங்களைக் குறைத்துவிடக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

வேறு நாட்டில் இது புதுமையும் அல்ல. ஜெர்மனியில், பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் ஜிம்னேசியம் வகைப் பள்ளிகளில் கற்பிக்க விரும்புபவர் பொதுவாக இரண்டு பாடங்களைப் படிக்கிறார். பவேரியா மாநிலத்தில் இசையோடு கணிதத்தை இணைத்து எடுக்க இடமுண்டு. இசைக்குத் தனியாகப் பாடியும் வாசித்தும் காட்டும் தகுதித் தேர்வு வைத்துத்தான் சேர்க்கிறார்கள். நம்மிடமும் இப்படிப்பட்ட அறிஞர் இருந்தார். இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரியும் பள்ளி ஆசிரியருமான விபுலாநந்த அடிகள், நரம்புகளின் அளவுகளையும் சுர விகிதங்களையும் கணக்கிட்டுப் பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவர் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்று கணிதத் துறையும் இசைத் துறையும் கல்வியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 2013 முதல் அது அரசின் பொறுப்பிலும் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

கணிதம் முதன்மையாகவும் இசை இணைப் பாடமாகவும் அமைந்த, கல்வியியலையும் உள்ளடக்கிய நான்கு ஆண்டுப் படிப்பு ஒன்றை அங்கே ஆரம்பியுங்கள். சேர்க்கையில் மதிப்பெண்ணோடு பாட்டையோ வாத்தியத்தையோ கேட்டு எடுங்கள். நாகசுரம், தவில், பறை என்று எதுவானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தினமும் இசைப் பயிற்சியான சாதகத்துக்கு ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள், இல்லையென்றால் இரண்டாம் ஆண்டிலேயே இசை தேய்ந்துவிடும். முடித்து வருபவரைப் பட்டதாரி ஆசிரியராக, அதே 36,400 ரூபாய் நிலையில் எடுப்பதற்கான அரசாணையைப் படிப்பு தொடங்கும் முன்பே வெளியிடுங்கள். வேலைக்கு வழி தெரியாத படிப்பில் ஏழை வீட்டுப் பிள்ளை சேரமாட்டாள்.

பாடத்திட்டக் குழு அமைத்தால், ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை தாளக் கணக்குகளைக் கொண்டு நான் தயாரித்து வைத்திருக்கும் பாடக் குறிப்புகளை அப்படியே ஒப்படைக்கிறேன். ஊதியமோ பயணப்படியோ வேண்டாம். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்பத் தொடங்கும் முன் உங்கள் முடிவை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.