“சும்மாதான் இருக்கிறாள்” என்று எழுதாதே, செல்வி

அன்புள்ள செல்வி,

நலம்தானே? உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. விடைத்தாள், அப்புறம் அம்மாவின் கண் அறுவை என்று தள்ளிப்போட்டது தப்புதான். அம்மா தேறிவிட்டாள்.

நீ எழுதிய ஒரு வரி மட்டும் இன்னும் உறுத்துகிறது. “ராதா சும்மாதான் வீட்டில் இருக்கிறாள், அப்பப்போ நைட்டி தைத்துக் கொடுக்கிறாள்.” செமினாரில் பெண்ணியச் சமூகவியலாளர் மரியா மீஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, மணியடித்தும் உட்காராத செல்வியா இதை எழுதியது?

2023-இல் அவர் இறந்த செய்தி வந்தபோதே உனக்கு எழுத நினைத்தேன். 92 வயது. ஜெர்மனியில் ஐஃபெல் பகுதி விவசாயக் குடும்பத்துப் பெண். 1960-களில் புனேயில் ஜெர்மன் மொழி கற்பித்தபோது, கல்யாணத்தைத் தள்ளிப்போடத்தான் சில மாணவிகள் வகுப்புக்கு வருகிறார்கள் என்று கண்டுகொண்டாரே, அது உனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கேள்விகளோடு ஊர் திரும்பித்தான் சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். கொலோனில் பேராசிரியர் ஆனார். 1976-இல் அங்கே வீட்டில் அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் தொடங்கியதிலும் அவர் பங்கு உண்டு.

ஆனால் எனக்கு அவர் என்றால் ஆந்திராவின் நரசாபூர்தான். கோதாவரிக் கரையில் வாசல் தாண்டாத பெண்கள் பின்னிய லேஸ் வெளிநாட்டுக்குப் போனது. நூலைக் கொடுத்து, பின்னியதை வாங்கிப் போக ஏஜெண்டுகள். ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இணைப்பாள். முழுத் துணி எங்கே போகிறது, என்ன விலை என்று இருவருக்கும் தெரியாது. நாளெல்லாம் பின்னியும், வயலில் வேலை செய்த பெண்ணின் கூலிகூடக் கிடைக்கவில்லை. இவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்று சொன்னதால்தான் அத்தனை குறைவாகக் கொடுக்க முடிந்தது. 1982-இல் வந்த புத்தகத்தில் மீஸ் காட்டியது இதைத்தான். அதற்கு அவர் வைத்த பெயரைத்தான் நீ அன்று கரும்பலகையில் ‘இல்லத்தரசியாக்கம்’ என்று எழுதினாய்.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று, செல்வி. முக்கூடலில் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர், அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். “அவ வீட்லதான் இருக்கா” என்றார் அப்பா. அப்போது அம்மாவின் மடியில் பீடித் தட்டு இருந்தது. அவள் தலை நிமிரவில்லை, கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் ஹாஸ்டலுக்குக் கட்டிய பணமெல்லாம் அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான். அந்தப் புத்தகத்தை முதல் தடவை படித்த ராத்திரி நான் அழுதது இதற்காகத்தான். நீ காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்தாய்.

அதனால் ராதாவை உட்கார வைத்துக் கேள். ஒரு நைட்டிக்கு எவ்வளவு? நூலும் கரண்டும் யார் செலவு? ராத்திரி எத்தனை மணி வரை தைக்கிறாள்? பதிலை அவளையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
மல்லிகா