ஹப்பிள் நடுங்கிய கதையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஹப்பிள் தொலைநோக்கி பற்றிய கட்டுரை படித்தேன். கண்ணாடியில் குறை, 1993-ல் வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள், அப்புறம் அருமையான படங்கள், அவ்வளவுதான். அது நடுங்கிய கதை ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

மொட்டை மாடியில் பைனாகுலர் வைத்து வியாழனைப் பார்ப்பவன் நான். கை லேசாக ஆடினாலே புள்ளி கோடாகிவிடும், தண்ணீர்த் தொட்டிமேல் முழங்கையை ஊன்றினால்தான் அதன் நிலாக்கள் தெரியும். ஹப்பிளுக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் கிடையாது. பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டே, 0.007 விகலைக்கு (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை) மேல் பிசகாமல் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். 300 கி.மீ. தள்ளி நிற்கும் ஒரு பொருள் 1 செ.மீ. நகர்ந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அது. வாயுவைப் பீய்ச்சித் திரும்பலாம் என்றால் கண்ணாடியில் அழுக்குப் படியும். அதனால் உள்ளே சுழலும் நான்கு சக்கரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கடிகாரத்தின் நிமிட முள் மாதிரி மெல்லத் திரும்புகிறது.

1990-ல் மேலே போன பிறகுதான் வம்பு தெரிந்தது. பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போதும், வெயிலிலிருந்து நிழலுக்குள் போகும்போதும், சோலார் பேனல்களைத் தாங்கும் தண்டுகள் சூட்டிலும் குளிரிலும் வளைந்து தொலைநோக்கியையே உலுக்கின. நிரலை மாற்றி ஓரளவு சமாளித்தார்கள். 1993 டிசம்பரில் பேனல்களையே மாற்றினார்கள். சுருட்ட முடியாதபடி வளைந்துபோன ஒன்றை விண்வெளி வீராங்கனை கேத்ரின் தார்ன்டன் கையில் பிடித்து அப்படியே விண்வெளியில் விட்டார். கண்ணாடிக் குறை தீர்ந்த அதே பயணம்தான்!

அப்புறம் கைரோக்கள், அதாவது தொலைநோக்கி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று உணர்ந்து சொல்லும் கருவிகள். ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 19,200 முறை சுழலும் ஒரு சக்கரம், அதைச் சுற்றிக் கெட்டியான திரவம், அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். அந்தத் திரவத்தை உள்ளே தள்ள முதலில் சாதாரணக் காற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள், அதிலிருந்த ஆக்ஸிஜன் கம்பிகளை அரித்துவிட்டது. 1999 நவம்பரில் ஆறில் நான்காவதும் நின்றுபோக, மறுமாதம் வீரர்கள் போய் ஆறையும் மாற்றும்வரை ஆய்வே நடக்கவில்லை. ஒரு முடியளவு கம்பிக்காக இத்தனை பாடு!

இதையெல்லாம் உங்கள் மாணவர் பக்கத்தில் போடுங்கள் ஐயா. படத்தைப் பார்த்து வியக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவருக்கு, அதை ஆடாமல் பிடித்தது எது என்று கேட்கத் தோன்றும். 2024 ஜூனிலிருந்து ஒரே ஒரு கைரோவை வைத்துக்கொண்டு அது வானத்தைப் பார்ப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்