டிரம் மேல் ஒட்டியிருக்கும் புது லேபிள் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக ஒரு வாட்ஸப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்பத்தூர், பாடி, திருமுடிவாக்கம் பக்கத்துப் பட்டறைக் குழுக்களில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் வந்திருக்கும். ஒரு பக்கம் நம் கடையில் முன்பு கொடுத்த எம்.எஸ்.டி.எஸ். தாள், அதாவது சரக்கின் ஆபத்தையும் பாதுகாப்பையும் சொல்லும் தாள். இன்னொரு பக்கம், பெயின்டையும் பசையையும் கரைக்கும் டொலுவின் இப்போது வரும் டிரம்மின் லேபிளும் அதன் தாளும். பழையதில் தீக்கான கட்டத்தில் 3 என்று இருக்கிறது. புதியதில் ‘எரியும் திரவம், வகை 2’. கூடவே நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல ஒரு மனித உருவம். கீழே ஒரு குரல் பதிவு. அதன் சாரம் இதுதான்: பாரிமுனைக் கடைக்காரர் (அதாவது நாங்கள்) மண்ணெண்ணெய் கலந்து வீரியத்தைக் குறைத்துவிட்டார், போதாததற்கு இப்போது வரும் சரக்கில் கேன்சரும் வருமாம்.

கேன்சர் என்று பயந்தவர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. அந்தப் படம் யாரையும் பயமுறுத்தும். ஆனால் கலப்படம் என்று சொன்னதுதான் தூங்கவிடவில்லை. தின்னர் வியாபாரத்தில் கலப்படம் எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதைச் செய்யாமல் இத்தனை வருடம் கடை நடத்தியதால்தான் இந்த மடலை எழுத வேண்டியிருக்கிறது. எனவே முதலில் அந்த எண் விவகாரம்.

பழைய தாளில் இருந்த 3, அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. வகுத்த முறைப்படி போட்டது. நான்காகப் பிரித்த டைமண்ட் படம் ஞாபகம் இருக்கும். நீலம் உடல்நலத்துக்கு, சிவப்பு தீக்கு, மஞ்சள் பொருள் தானாகச் சிதைந்து வெடிக்கும் தன்மைக்கு, வெள்ளை மற்ற தகவலுக்கு. அதில் 0 என்றால் ஆபத்து குறைவு, 4 என்றால் உச்சம். தீப்பிடித்த இடத்துக்கு ஓடி வரும் வீரர் தூரத்திலிருந்தே பார்த்து முடிவெடுக்கப் போட்ட படம் அது. இப்போது வரும் தாள் ஐ.நா. 2003இல் முதன்முதலாக வெளியிட்ட, ரசாயனங்களை உலகெங்கும் ஒரே மாதிரி வகைப்படுத்தும் ஜி.எச்.எஸ். முறையில் இருக்கிறது. அதில் எண்ணிக்கை தலைகீழ். வகை 1 தான் மிக மோசம், எண் ஏற ஏற ஆபத்து குறையும். அங்கே 3 வாங்கிய டொலுவின் இங்கே 2 வாங்குகிறது. இரண்டும் சொல்வது ஒரே விஷயத்தைத்தான்: சுலபமாகப் பற்றிக்கொள்ளும், ஆனால் இருப்பதிலேயே மோசமானது அல்ல. பரீட்சையில் வாங்கிய மார்க்கையும் ரேங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பையன் படிப்பு குறைந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் இருக்கிறது அந்தக் குரல் பதிவு.

அந்த 2 எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கடைக்காரர் இஷ்டம் ஒன்றும் இல்லை. மூடிய கோப்பையில் திரவத்தை வைத்து மெதுவாகச் சூடாக்கி, எந்த வெப்பத்தில் அதன் ஆவி ஒரு பொறிக்குப் பற்றுகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் ஃபிளாஷ் பாயின்ட். அது 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து, திரவம் கொதிக்கத் தொடங்குவதும் 35 டிகிரிக்குள் என்றால் வகை 1. ஃபிளாஷ் பாயின்ட் 23க்குக் கீழே, கொதிநிலை 35க்கு மேலே என்றால் வகை 2. 23 முதல் 60 வரை வகை 3. 60க்கு மேல் 93 வரை வகை 4. டொலுவினின் ஃபிளாஷ் பாயின்ட் சுமார் 4 டிகிரி, கொதிநிலை 111. ஆகவே வகை 2. நேற்றும் அதுதான், பத்து வருடம் முன்பும் அதுதான்.

மண்ணெண்ணெய் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு: அடர்த்தி மாறும். சுத்தமான டொலுவின் 20 டிகிரியில் 0.867 அளவில் நிற்கும், நம் ஊர் வெயிலில் கொஞ்சம் இறங்கி 0.86க்குக் கீழே காட்டும். மண்ணெண்ணெய் 0.8 பக்கம். கலந்தால், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் சுலபமாக, ஒரு வெள்ளைத் தாளில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். டொலுவின் பறந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாகத் தங்கும். ஹைட்ரோமீட்டர் கவுன்டரிலேயே இருக்கிறது. எந்த டிரம்மிலிருந்து வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சரி, அந்த நெஞ்சு நட்சத்திரப் படம்.

அதைப் பார்த்ததும் கேன்சர் என்று படிப்பது இயல்புதான். ஆனால் அந்த ஒரே படத்துக்குள் பல விஷயங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். புற்றுநோய் அதில் ஒன்று. மரபணுவில் மாற்றம், குழந்தைப்பேற்றைப் பாதிப்பது, மூச்சில் ஒவ்வாமை, குறிப்பிட்ட உறுப்பைக் கெடுப்பது, நுரையீரலுக்குள் திரவம் இறங்கினால் வரும் ஆபத்து என்று மற்றவையும் அதே படத்தில்தான் வருகின்றன. எதற்காக அந்தப் படம் என்பதை அதன் பக்கத்தில் இருக்கும் வாசகம்தான் சொல்லும். டொலுவினுக்கு அந்த வாசகங்கள் மூன்று. விழுங்கி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம், இது அந்தப் பிரிவில் வகை 1. வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும் என்ற சந்தேகம், வகை 2. நீண்ட நாள் தொடர்ந்து சுவாசித்தால் உறுப்புக் கேடு, அதுவும் வகை 2. புற்றுநோய் வாசகம் அதில் கிடையாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டொலுவினை 3ஆம் பிரிவில்தான் வைத்திருக்கிறது, அதாவது ஆம் என்றும் இல்லை என்றும் வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாதவை. 1ஆம் பிரிவில், சந்தேகமில்லாமல் புற்றுநோய் தருவது என்று இருப்பது பென்சீன். பெயரும் வாசனையும் உறவு போல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு கலவையில் பென்சீன் 0.1 சதவீதம் எட்டினாலே புற்றுநோய் வாசகம் போட்டாக வேண்டும். அதனால் யாரிடம் தின்னர் வாங்கினாலும், எங்களிடம் வாங்கினாலும், தாளில் பென்சீன் வரியைத் தேடிப் பாருங்கள்.

பிறகு ஏன் முன்பு இந்தப் படம் இல்லை? பழைய டிரம்மில் இருந்த சிவப்பு டைமண்ட் (தாளில் இருந்த நான்கு நிற டைமண்ட் வேறு), லாரிக்காரருக்கும் வழியில் விபத்து பார்க்க வருபவருக்கும் உரியது. ஐ.நா. எண் 1294, பிரிவு 3, எரியும் திரவம். போக்குவரத்து முறை, சாலையில் கவிழ்ந்தால் அந்த நேரத்தில் என்ன ஆகும் என்றுதான் பார்க்கும். வருடக்கணக்கில் சுவாசிப்பவர் கதை அதன் கணக்கில் வராது. பட்டறையில் தினம் நிற்பவருக்காக இருக்கும் லேபிளில்தான் அது வருகிறது. சரக்கு அனுப்பும் கம்பெனி இப்போது இரண்டையும் சேர்த்து ஒட்டுகிறது. மாறியது லேபிள், உள்ளே இருப்பது அதே டொலுவின்.

நச்சுக்குப் போடும் மண்டை ஓட்டுப் படம் டொலுவின் லேபிளில் ஏன் இல்லை என்று ஒரு அச்சகக்காரர் கேட்டார், நல்ல கேள்வி. உடனடி நச்சுக்கு 5 வகைகள். முதல் 3 வகைகளுக்கு மட்டும்தான் மண்டை ஓடு. விழுங்கும் கணக்கில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவான அளவே சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் என்றால்தான் அந்த 3 வகைகளுக்குள் வரும். டொலுவின் அதில் வராது. மெத்தனாலுக்கு மண்டை ஓடு போடுகிறார்கள், கண் நரம்பைக் கெடுப்பதற்காக நட்சத்திரப் படமும் உண்டு. கள்ளக்குறிச்சியில் 2024இல் நடந்ததற்குப் பிறகு அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் மெத்தனால் விற்பதில்லை, தயவுசெய்து போனில் கேட்க வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். டிரம்மிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெயின்டர்களிடமும் டிங்கரிங் கடைகளிலும் இதை நிறையப் பார்க்கிறோம், கூப்பிட்டுச் சொன்னால் சிரிக்கிறார்கள். டொலுவின் தண்ணீர் போல இளகிய திரவம். வாய்க்கு வந்தது ஒரு இருமலில் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இப்படிப்பட்ட திரவங்களுக்குத்தான் அந்த மூச்சுக்குழாய் வாசகம். யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, மேலே வரும்போது மறுபடி நுரையீரலுக்குப் போகும். தாளோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைப்பம்பு ஒன்று வாங்கிக்கொள்வது பெரிய செலவில்லை.

அதேபோல, பசை தடவும் வேலையில் பெண்கள் இருக்கும் யூனிட்டுகள் நம் வாடிக்கையில் நிறைய. கர்ப்பமாக இருப்பவரை அந்த மேஜையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றிவிடுங்கள். லேபிளில் ‘சந்தேகம்’ என்றுதான் இருக்கிறது என்று வாதாட வேண்டாம். இன்னொன்று, டர்பன்டைன் எரியும் திரவத்தில் வகை 3 தானே என்று நினைப்பவர்கள் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் தெர்மாமீட்டரை மாட்டிப் பார்க்கவும். மினரல் டர்பன்டைனின் ஃபிளாஷ் பாயின்ட் 30க்குச் சற்று மேலேதான் தொடங்குகிறது. மே மாதத்தில் கொட்டகை அதைச் சுலபமாகத் தாண்டும். அப்புறம் வகை 2க்கும் 3க்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்த ஆவியெல்லாம் காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து பக்கத்து வெல்டிங் கடை வரை போகும்.

வகை என்பது பொருளின் குணத்தைச் சொல்கிறது. உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு போகிறது என்பது ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் வேலை நேரத்தையும் பொறுத்தது. அதை லேபிள் சொல்லாது, நாங்களும் கடையில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

இதெல்லாம் இப்போது திடீரென்று வந்த சட்டமா என்றால், இல்லை. போபாலில் 1984இல் நடந்ததற்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989இல் வந்த அபாயகர ரசாயன விதிகளிலேயே கொள்கலனில் லேபிளும் பாதுகாப்புத் தாளும் வேண்டும் என்று இருக்கிறது. பெட்ரோலியச் சட்டம் இன்னும் பழையது, 1934. ஃபிளாஷ் பாயின்ட் 23க்குக் கீழே இருக்கும் ஹைட்ரோகார்பன் திரவங்கள் அதில் ‘ஏ’ வகுப்பு. விற்பனைக்கு இல்லாமல் சொந்த வேலைக்கு என்றால் 30 லிட்டர் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், அதுவும் உலோகப் பாத்திரம் ஒன்றுக்கு 25 லிட்டருக்கு மிகாமல். குடிதண்ணீர் கேனும் எண்ணெய் கேனும் அந்தக் கணக்கில் சேராது. இந்தக் காரணத்தால் அடுத்த மாதம் முதல் நீங்கள் கொண்டுவரும் கேனில் லூஸாக ஊற்றித் தருவது இருக்காது, சீல் வைத்த 20 லிட்டர் டின்தான், டின்னுக்கான தொகை பில்லில் தனி வரியாக வரும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். செய்தி வந்ததும் பத்துப் பேருக்கு அனுப்பாமல் முதலில் எங்களுக்கு போன் செய்து “என்னய்யா இது?” என்று கேட்ட அம்பத்தூர் கேஸ்கெட் பட்டறைக்காரர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். குழுவிலேயே தாளின் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு பதில் சொன்ன ராயப்பேட்டை ஆஃப்செட் நண்பர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோடவுன் தண்ணீரில் நின்றபோது, சரக்கு வரும் முன்பே பழைய பாக்கியைத் தீர்த்து எங்களைத் தூக்கி நிறுத்தியவர்களில் பாதிப் பேர் இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறார்கள். அதை மறக்கும் ஆட்கள் இல்லை நாங்கள். குரல் பதிவு போட்டவர் யார் என்றும் தெரியும். அவர்மேல் வழக்கு, சண்டை ஒன்றும் இல்லை. அவரும் ஒருநாள் வந்து ஹைட்ரோமீட்டரைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும், டீ எங்கள் செலவு.

புதுத் தாள்களின் முக்கியப் பக்கங்களை, அபாயம், முதலுதவி, தீயணைப்பு, சிந்தினால் செய்ய வேண்டியது ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம். பில்லோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைச் சுவரில், ஆட்கள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள். மேஜை டிராயரில் கிடக்கும் பழைய 3 எண் தாளை மட்டும் எடுத்துவிடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மறுபடி யாராவது படம் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாரிமுனைக் கடைக்காரர்