மிருதங்கம் மூட்டு (தோல்) வேலைக்குப் போனால் பாடமும் நிற்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி நெருங்கினாலே பத்திரிகைகளில் கச்சேரிப் பட்டியல் வரத் தொடங்கிவிடும், நானும் ஆசையாகப் படிப்பேன். அதே சமயத்தில்தான் இங்கே தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் மிருதங்கம் கற்கிற பிள்ளைகள் பலர் வாத்தியம் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை காற்றில் ஈரம்தான், அதிலும் கடலோரமாக இருக்கிற எங்கள் பகுதிகளில் கேட்கவே வேண்டாம். தோல் தளர்கிறது, சுருதி நிற்பதில்லை, வலது பக்கமான வலந்தலையின் நடுவில் இருக்கும் கரணை என்கிற கறுப்புப் பூச்சும் சில சமயம் விரிசல் விட்டுப் பொடிப்பொடியாக உதிர்கிறது. சரி, வேலைக்குக் கொடுக்கலாம் என்று மயிலாப்பூர்ப் பக்கம் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சீசனுக்கு வாசிக்கப் போகிற வித்வான்களின் வாத்தியங்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கும். புதுத் தோல் காய வெயில் வேண்டும், அந்த வெயிலும் இருக்காது. ஆக, வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் இன்னொரு மிருதங்கம் வைத்திருக்கும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது?

அப்போது பெற்றோர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “வாத்தியம் வரட்டும், அப்புறம் கிளாஸுக்குப் போகலாம்.” தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். விரல் ஓய்ந்தால்கூட சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும், பாடம் மனசிலிருந்து விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். வாத்தியம் இல்லாமல் சாதகம் செய்ய நம்மிடம் கொன்னக்கோல் இருக்கிறது, அதாவது மிருதங்கச் சொற்களைத் தாளத்தோடு வாயால் சொல்வது. வாயால் சொல்ல வராத சொல் கையிலும் சுத்தமாக வராது என்று மிருதங்க ஆசிரியர்கள் படித்துப் படித்துச் சொல்வது சும்மா இல்லை.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். எட்டு அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட ஆதி தாளத்தில் கடைசி இரண்டு திருதமும் (ஒவ்வொன்றும் ஒரு தட்டு, ஒரு வீச்சு) சேர்ந்து நாலு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை என்றால் மொத்தம் 16. ‘ததிகிணதொம்’ என்பது 5 மாத்திரை, மூன்று தடவை சொன்னால் 15. முதல் திருதத்தின் தட்டு விழும்போது ஒரு மாத்திரை சும்மா விட்டு எடுத்துச் சொன்னால், சொல்லி முடித்ததும் அடுத்த தட்டு சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து நிற்கும். இதைக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல், உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பழகலாம். முதலில் மெதுவாக, அப்புறம் இரண்டாம் காலம், மூன்றாம் காலம். வேகமாக வாசிக்கும்போது கை மழுப்பிக்கொண்டு போகிற இடமெல்லாம் வாயால் சொல்லும்போது பளிச்சென்று மாட்டிக்கொள்ளும்.

கைக்கு வேலை வேண்டுமென்றால் தொடையில் தட்டுங்கள், மடித்த போர்வையில் தட்டுங்கள். ஆனால் பெஞ்சு, மேசையில் ஓங்கி அடிக்காதீர்கள், விரல் நுனி வலிக்கும், தப்பான அழுத்தமும் பழகிவிடும். போன் செயலிகளில் மிருதங்கம் மாதிரி திரையைத் தட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரைச்சாப்பு, முழுச்சாப்பு என்கிற மிருதங்க அடிகளுக்கு விரலில் இருக்கிற வித்தியாசம் கண்ணாடியில் எப்படித் தெரியும்? காலப்பிரமாணம் (வேகம்) ஓடாமல் இருக்கத் தாளம் போடும் செயலியை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வானொலியிலோ யூடியூபிலோ கச்சேரி கேட்கும்போது பாட்டு முழுவதும் கையில் தாளம் போட்டுக்கொண்டே, பாடகர் எங்கே எடுக்கிறார், மிருதங்கக்காரர் எங்கே கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று கவனியுங்கள். சொந்த வாத்தியம் மடியில் இருக்கும்போது இதைக் கவனிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

இன்னொன்று. வேலை செய்கிறவரை நாளுக்கு நாலு தடவை போனில் கூப்பிட்டு அவசரப்படுத்தாதீர்கள். கிட்டங்கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, ஒவ்வொரு தடவையும் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கரணை போடுகிறார்கள். வாரை இழுத்துக் கட்டிக் கட்டி அவர்கள் உள்ளங்கை காய்த்துப் போயிருப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேடையில் கைதட்டல் வாங்குகிற நாதத்தில் பாதி அவர்கள் உழைப்பு. வேலையைக் குறைத்து, சீக்கிரம் கொடுங்கள் என்று கேட்பது அந்த உழைப்புக்கும் மரியாதை இல்லை, நம் வாத்தியத்துக்கும் நல்லதில்லை.

கடைசியாக அரசிடமும் மாநகராட்சியிடமும் ஒரு கோரிக்கை. வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று நிறைய வேலைகள் நடக்கின்றன, கொளத்தூரில் 2024-இல் ‘முதல்வர் படைப்பகம்’ என்று படிக்கவும் வேலை பார்க்கவும் ஒரு பொது இடம் திறந்தார்கள், பிள்ளைகள் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இது மாதிரி இடங்களிலும் நூலகங்களிலும் இரண்டு மிருதங்கம், ஒரு வயலின், ஒரு கீபோர்டு வாங்கி வைத்து, வாத்தியம் பழுதான பிள்ளைகள் அங்கேயே ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுப் போக ஒரு சின்ன அறை கொடுக்கலாமே. கானா பாடுகிற பிள்ளைகளுக்கு ஒரு டோலக்கும் இருக்கட்டும். வடிவுடையம்மன் மீது தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடியது இங்கே திருவொற்றியூரில்தான், தெருவுக்குத் தெரு தாளம் தெரிந்த பிள்ளைகள் இருக்கிற ஊர் இது. பழுது பார்க்க ஒரு கைவினைஞரை மாதம் ஒரு நாளாவது அங்கே வரவழைத்து, உரிய கூலியும் கொடுத்தால் மயிலாப்பூருக்குச் சுமந்துகொண்டு அலைவதும் குறையும்.

அதுவரை பெற்றோருக்கு ஒரு யோசனை: மூட்டு மாற்ற வேண்டியிருந்தால் ஆடி, ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். வெயிலும் இருக்கும், வரிசையும் குறைவாக இருக்கும்.

இப்படிக்கு,
மிருதங்கம் கற்கும் ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.