டகோமாவில் ஒரு அம்மா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய கிட்டார் பதிவைக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்போது வரும்?" என்று கேட்டுவிட்டேன். நீ பேச்சை மாற்றிவிட்டாய். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் உன் அலமாரியில் ஒரு பழைய ஒலிநாடா கிடைத்தது. அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் இசைக்குழு வாசித்த 'வாக், டோன்ட் ரன்'. உறையின் பின்புறம் உன் கோழிக்கிறுக்கலில் அதன் கிட்டார் சுரக்கூட்டுகள்: "ஏ மைனர், ஜி, எஃப், ஈ". போட்டுக் கேட்டேன். பள்ளி நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு நீ திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான். டிரம் முழங்கி ஓய, கிட்டார் படிப்படியாக இறங்குகிறது. இரண்டு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. யாரும் பாடவில்லை, பாட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பிறகு அவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நீ இருக்கும் சியாட்டிலுக்குப் பக்கத்து ஊர் டகோமா. இந்தக் குழுவைத் தொடங்கிய பாப் போகிளும் டான் வில்சனும் கட்டட வேலை பார்த்துக்கொண்டே அடகுக் கடையில் மலிவாகக் கிட்டார் வாங்கிப் பழகியவர்கள். 'வாக், டோன்ட் ரன்' முதலில் ஜானி ஸ்மித் என்ற கிட்டார் கலைஞரின் ஜாஸ் மெட்டு; அதைச் செட் அட்கின்ஸ் என்ற இன்னொரு கிட்டார் கலைஞரும் வாசித்திருந்தார். அவர் வாசித்ததைக் கேட்டு இவர்கள் இருவரும் தங்கள் கைக்கு எட்டியபடி எளிமையாக்கிக்கொண்டார்கள்.

டோல்டன் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர்களை வேண்டாம் என்றது. டானின் தாயார் ஜோசி என்ன செய்தார் தெரியுமா? புளூ ஹொரைசன் என்று தாமே ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார்! முதல் தட்டு எடுபடவில்லை. அந்த அம்மா அசரவில்லை. 1960இல் இந்த மெட்டு வந்தது. சியாட்டிலின் கே.ஜே.ஆர். வானொலி செய்திக்கு முன்னால் இதை ஒலிக்கவிட்டதும், என்ன இசை இது என்று நேயர்கள் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்கள். வேண்டாம் என்ற டோல்டனே வாங்கி வெளியிட்டது. அமெரிக்க இசைத்தட்டு வரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம். 1964இல் புதிதாக வாசித்தபோதும் முதல் பத்துக்குள் வந்தது.

ஜோசியை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் நீ கிட்டார் கேட்டாய். தேர்வு முடியட்டும் என்றேன். பிறகு கல்லூரி முடியட்டும் என்றேன். கடைசியில் உன் முதல் சம்பளத்தில் நீயேதான் வாங்கிக்கொண்டாய். என்னை மன்னித்துவிடு, கண்ணா.

நேற்று அரிசி களைந்துகொண்டே உன் பதிவை மறுபடியும் கேட்டேன். நடுவில் ஒரே தந்தியில் நின்று, அழுத்தி, மெல்ல விடுகிறாயே, அந்த இடத்தில் என் கை தானாக நின்றுவிட்டது. அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி வாசித்து அனுப்பு. முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா